ஐந்து மில்லிமீட்டர் ரகசியம்!

மும்பை தேவ்நாரில் புது கார் பேச்சு எடுத்த வீடுகளில் நான் கேட்கிற பட்டிமன்றம் ஒன்றேதான்: மாருதி டிசையரா, ஹோண்டா அமேஸா? ஷோரூம் வெளிச்சத்தில் இரண்டும் பளபளவென்று ஒரே சாயலில் நிற்கும். இன்ச் டேப்பை நீட்டிப் பாருங்கள், அடேயப்பா! டிசையரின் நீளம் 3995 மி.மீ. அமேஸ்? அதுவும் 3995! இன்ஜின் இங்கே 1197 சி.சி., அங்கே 1199 சி.சி. இரண்டு கம்பெனியும் பேசிவைத்துக்கொண்டா செய்தார்கள்?

எல்லாம் ஒரு பட்ஜெட் செய்த வேலை. 2006 பிப்ரவரியில் அன்றைய நிதியமைச்சர், அப்போது சிவகங்கை எம்.பி.யாக இருந்த நம்ம ப.சிதம்பரம், நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள் இருந்தால் கலால் வரி 24 சதவீதம் இல்லை, 16தான் என்று அறிவித்தார். அன்று போட்ட கோடு இன்னும் அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே 40! அந்தக் கோட்டுக்கு ஐந்தே மில்லிமீட்டர் முன்னால் இரண்டு பம்பரும் நிற்கின்றன.

எங்கே வெட்டினார்கள் தெரியுமா? டிக்கியில்! 2008ல் வந்த முதல் டிசையர் 4160 மி.மீ., டிக்கி 440 லிட்டர். 2012ல் காரைக் குறுக்கியபோது டிக்கி 316 லிட்டராகிவிட்டது. ஊருக்குக் கிளம்பினால் அரிசி, முறுக்கு டின், பட்டுப்புடவைப் பெட்டி என்று அடுக்குகிற நமக்கு எவ்வளவு பெரிய இழப்பு! 2024 நவம்பரில் வந்த டிசையரில் 382 லிட்டர். அடுத்த மாதமே வந்த அமேஸில் 416. இந்த 34 லிட்டரில் ஒரு சின்னப் பெட்டி ஜம்மென்று உட்காரும்.

இப்போது பானெட்டைத் தூக்குங்கள், எனக்கு மிகவும் பிடித்த இடம். டிசையரில் மூன்று சிலிண்டர், அமேஸில் நான்கு. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் விரலை லேசாக வைத்தால் போதும்: டிசையரில் மெல்லிய குறுகுறுப்பு, அமேஸில் அதுவும் இல்லை. பாஞ்சராபோல் சுரங்கம் வழியாக ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறி மிதித்தால் அமேஸின் 90 குதிரைசக்தி ஆசையாக இழுக்கிறது. திரும்பி வந்து மான்குர்த் நெரிசலில் ஊர்ந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்! அமேஸின் சி.வி.டி. ஆட்டோமேட்டிக் வழுக்கிக்கொண்டு போகிறது, டிசையரின் ஏ.எம்.டி. ஆட்டோமேட்டிக் கியர் மாற்றும்போது தலை ஒருமுறை ஆடுகிறது.

ஆனால் பெட்ரோல் பங்க்கில் டிசையர்தான் ராஜா. கம்பெனிக் கணக்குப்படி ஆட்டோமேட்டிக்கில் லிட்டருக்கு 25.71 கி.மீ.; அமேஸுக்கு 19.46. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் பன்னிரண்டு லிட்டருக்கு மேல் மிச்சம். டிசையரில் சி.என்.ஜி.யும் கம்பெனியிலிருந்தே பொருத்தி வருகிறது. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம், மாருதி கார்களில் இதுதான் முதல் தடவை! அமேஸின் உயர்ந்த மாடலிலோ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா உட்கார்ந்து முன்னால் போகிற வண்டியைக் கவனிக்கிறது, தேவைப்பட்டால் தானே பிரேக் போடுகிறது.

தினமும் நவி மும்பை போய்வருகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு டிசையர் சொல்வேன். ஞாயிறு தோறும் அப்பா அம்மாவோடு சேடா நகர் முருகன் கோயில், விடுமுறைக்கு ஊர் என்று இருக்கிற வீட்டுக்கு அமேஸ் சி.வி.டி.

எதை எடுத்தாலும் வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே டீலரின் ஸ்டாக்யார்டுக்குப் போய்ப் பாருங்கள். டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். ஐந்து டயரையும் குனிந்து படியுங்கள், ஸ்டெப்னியை மறக்காதீர்கள். கதவு இடுக்குகளில் விரல் ஓட்டுங்கள், இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவா என்று பாருங்கள். ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால்தான் மீதிப் பணத்தைக் கட்டி, எம்.எச். 03 பதிவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.