பதுக்குக் கோப்பும் முழுச் சோதனையும்

ஒரு முறை முயன்று பெற்ற பயனை மறுமுறைக்கு உதவுமாறு அண்மையில் வைத்துக்கொள்ளுதலைக் கணினி நூலார் 'பதுக்கு' என்பர். 1965ஆம் ஆண்டில் மொரிஸ் வில்க்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், பெரிய நினைவகத்துக்குத் துணையாகும் விரைவுமிக்க சிறு நினைவகமொன்றைப் பற்றிக் கட்டுரை வரைந்தார். அம்முறை இன்று கோப்புகளிலும் கையாளப்படுகின்றது.

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்வோர் பைதன் மொழியைக் கற்கின்றனர். அம்மொழி நிரல்களைத் தானாகச் சோதிக்கும் கருவிகளுள் ஒன்று பைடெஸ்ட். அது இயங்கியதும் மாணவர் ஆக்காத கோப்புறையொன்று தோன்றும். முன்னர்ப் பிழைத்த சோதனைகள் எவையென்னும் குறிப்பு அதனுள் உளது. 2018ஆம் ஆண்டுக்கு முன் வெறுமனே 'கேச்' எனப்பட்ட அக்கோப்புறை, எக்கருவிக்குரியது என்பது விளங்கும்பொருட்டுப் பின்னர் 'பைடெஸ்ட் கேச்' எனப் பெயர்பெற்றது.

இதன் பயனையும் இடரையும் ஓர் எடுத்துக்காட்டால் நோக்குவாம். கொழுந்து நிறுவைக் கணக்கிற்கு ஒரு மாணவன் நிரல் எழுதுகின்றான் எனக் கொள்வோம். குறித்த நிறைக்குக் குறைந்தால் அரைப்பேர். நிறை சரியாயின் முழுப்பேர். மிகுந்தால் மேலதிகக் கொடுப்பனவு. இம்மூன்றுக்கும் மூன்று சோதனைகள் உள. அரைப்பேர்ச் சோதனை மட்டும் பிழைக்கின்றது. மாணவன் நிரலைத் திருத்துங்கால், 'குறைவாயின்' என்னுமிடத்துக் 'குறைவாயின் அல்லது சமனாயின்' என எழுதிவிடுகின்றான். பின், பிழைத்தவற்றை மட்டும் மீளச் சோதிக்குமாறு கருவியை ஏவுகின்றான். அது பதுக்குக் குறிப்பை நோக்கி அரைப்பேர்ச் சோதனையை மட்டும் நடத்தி, வெற்றியென அறிவிக்கின்றது. ஆனால் சரியான நிறை பறித்தவளுக்கு இப்பொழுது அரைப்பேரே விழும். கருவி பொய் உரைக்கவில்லை. கேட்டதற்கு மட்டுமே விடை தந்தது.

ஆதலின், திருத்தும்வேளையிற் பதுக்கின் துணையை நாடலாம். முடிவு கூறுமுன் முழுச் சோதனையையும் நடத்தல் வேண்டும். பழைய குறிப்பில் ஐயம் எழுமாயின் அதனை அழித்துத் தொடங்குமாறு ஏவும் கட்டளையும் உண்டு. அழித்தலால் நிரலுக்குக் கேடில்லை. அடுத்த முறை அது புதிதாக ஆக்கப்படும்.

பலர் கூடி எழுதும் நிரலைக் 'கிட்' என்னும் பதிப்புக் காப்பகத்தில் இடுங்கால், இக்கோப்புகளை அதனுட் சேர்த்தலாகாது. அவை ஒருவர் கணினியில் ஒருவேளை நிகழ்ந்தவற்றின் குறிப்பேயன்றிப் பொதுச்சொத்தல்ல. பைடெஸ்ட் தன் கோப்புறையினுள் விலக்குப் பட்டியலொன்றைத் தானே எழுதிவைக்கின்றது. பைதன் ஆக்கும் 'பைகேச்' கோப்புறையையோ மாணவரே காப்பகத்தின் விலக்குப் பட்டியலிற் சேர்த்தல் நன்று. முன்னரே காப்பகத்துட் புகுந்துவிட்ட கோப்பு, பட்டியலிற் பெயரெழுதியதனால் மட்டும் நீங்காது; அதனைத் தனியே நீக்கவேண்டும்.

கொழுந்து நிறுக்குமிடத்திற் குறித்த துண்டு வேலையை எளிதாக்கும்; ஆயினும் அது செக்றோல் ஆகாது. பதுக்குக் கோப்பின் நிலையும் அத்தகையதே.