கேனோவில் ஒரு கட்டுசாதக் கூடை

கும்பகோணத்தில் காவிரிப் படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு குளித்தவள் நான். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கினதில்லை. அப்படிப்பட்டவள் கனடாவில், நடுக்காட்டு ஏரியில் துடுப்புப் போடுவாள் என்று ஜோசியர் சொல்லியிருந்தால்கூடச் சிரித்திருப்பேன்!

2003-ல் கல்யாணமாகி டொரன்டோ வந்தேன். எதிர் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். 2011 கோடையில் அவர்தான் ஆரம்பித்து வைத்தார். "எவ்வளவு நாளைக்குத் தங்கச்சி வீட்டுக்குள்ளயே இருக்கிறது? வள்ளத்தில போவம், வாங்கோ" என்றார். அவருக்குக் கேனோ என்றால் வள்ளம்தான். அவர், அத்தான், இரண்டு பையன்கள். நான், என் கணவர், ஆறு வயது மகள். மொத்தம் ஏழு பேர், மூன்று கேனோ.

நாங்கள் போவது அல்கான்குவின் பூங்கா. டொரன்டோவிலிருந்து காரில் மூன்று மணி நேரம். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்கு மரமும் நினைத்துக்கொள்ளாதீர்கள். இது 1893-ல் ஏற்படுத்தின காடு. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். இன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்! உள்ளே ஏரிக்குப் பின் ஏரி. ஓர் ஏரி முடிந்தால் மஞ்சள் பலகை வைத்திருப்பார்கள். அங்கே இறங்கி, கேனோவைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து அடுத்த ஏரியில் இறக்க வேண்டும். அந்த நாளில் இந்நாட்டுப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையில் கேனோ செய்தார்கள். நாங்கள் வாடகைக்கு எடுப்பது கெவ்லர் என்ற இழையால் ஆனது. இரண்டு மூன்று பேரையும் மூட்டை முடிச்சையும் சுமக்கிற படகு 20 கிலோ சொச்சம்தான். அந்த இழையை 1965-ல் கண்டுபிடித்தவர் ஸ்டெபனி குவோலெக் என்ற பெண்மணி என்று என் மகள் சொன்ன பிறகு, படகைத் தூக்கும்போதெல்லாம் எனக்கொரு பெருமை.

சாப்பாட்டுக்கு வருவோம். உள்காட்டில் தகர டப்பாவும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. எனவே ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் பிளாஸ்டிக் டப்பாவில். வறுத்த ரவையோடு கடுகு, மிளகாய் தாளித்துக் கலந்து எடுத்துப் போனால், கொதிக்கிற தண்ணீரில் கொட்டி ஐந்து நிமிஷத்தில் உப்புமா. அக்கா வறுத்த அரிசிமா கொண்டுவந்து புட்டு அவிப்பார். முதல் வருஷம் அத்தான் ரகசியமாகக் கருவாடு வைத்திருந்தார். "கரடிக்கு விருந்து வைக்கிறீங்களோ?" என்று அக்கா போட்ட சத்தத்தில் கரடியே ஓடியிருக்கும்! வேடிக்கையில்லை, அங்கே கறுப்புக் கரடிகள் உண்டு. ராத்திரி சாப்பாட்டுப் பையை, பற்பசை உட்பட, கயிறு கட்டி மரத்தில் உயரத் தொங்கவிட்டு விடுவோம்.

இன்னொன்று, பெண்களுக்கு மட்டும். கழிப்பிடம் என்பது மரங்களுக்கு நடுவே ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். நாலு சுவர் கிடையாது. நான் ஒரு பழைய நூல் புடவையை மரத்துக்கு மரம் கட்டினேன். இன்றுவரை எங்கள் மூட்டையில் அந்தப் புடவை முதலில் ஏறுகிறது.

முதல் பயணம் நன்றாக நடந்ததால் தைரியம் மிஞ்சிவிட்டது. 2012-ல் ஆகஸ்டு வரை பொறுக்காமல் மே மாத நீண்ட விடுமுறையிலேயே கிளம்பினோம். ஏரித் தண்ணீரில் குளிர் இன்னும் விட்டிருக்கவில்லை. நானும் மகளும் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டோம். என் கணவரோ காவிரியில் எதிர்நீச்சல் அடித்தவர்! அதை மடித்து உட்காரும் திண்டாக்கிக்கொண்டார். சட்டப்படி ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும். இருந்தது. இருந்தால் போதுமா?

மத்தியானம் காற்று பிடித்தது. மகளின் தொப்பி பறந்தது. இவர் எட்டிப் பிடிக்கப் பக்கவாட்டில் சாய்ந்தார். அடுத்த க்ஷணம் மூவரும் தண்ணீரில்.

அந்தக் குளிரை எப்படிச் சொல்வேன்? யாரோ மார்பில் உதைத்த மாதிரி மூச்சு நின்றது. நீச்சலே தெரியாத நானும் ஏழு வயதுக் குழந்தையும் தக்கை மாதிரி மிதந்தோம். நீச்சல்காரர் முழுகி, எழுந்து, வாயைத் திறந்து திறந்து மூடுகிறார், மூச்சு வரவில்லை. திண்டு எங்கேயோ போய்விட்டது. கவிழ்ந்த கேனோவில் ஒரு கை மாட்டியதால் எனக்கு இன்று மாங்கல்யம் இருக்கிறது. அத்தானும் பையன்களும் வந்து எங்களைக் கரைக்கு இழுத்தார்கள்.

இவர் உதடு நீலம். சட்டைப் பட்டனைக் கழற்ற விரல் வரவில்லை. நான் ஊர்ப் பழக்கத்தில் கைகால்களைப் பரபரவென்று தேய்க்கப் போனேன். "தேய்க்காதேங்கோ!" என்று அக்கா தடுத்தார். அவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், முதலுதவி படித்தவர். உடல் நடுப்பகுதிதான் முதலில் சூடாக வேண்டுமாம். ஈரத் துணி முழுவதையும் கழற்றி, துடைத்து, தூங்கும் பையில் புகுத்தி, கம்பளி சுற்றி, நடுக்கம் தணிந்து தானாக விழுங்க முடிந்ததும் சர்க்கரை தூக்கலாக வெதுவெதுப்பான டீ கொடுத்தார்.

அன்று ராத்திரி நான் இவரோடு பேசவில்லை. காலையில் இவராகவே வந்து, "காவிரி வேற, இது வேற" என்றார். "அதை நேற்றே தெரிந்துகொண்டிருக்கலாம்" என்றேன். இனிமேல் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியம்.

குளிர்காலத்தில் அக்கா ஒரு விஷயம் சொன்னார். மனிடோபா பல்கலைக்கழகத்துக் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர், தானே ஐஸ் தண்ணீரில் இறங்கி ஆராய்ந்தவர், சொல்லிக்கொடுக்கும் கணக்கு அது. விழுந்ததும் 1 நிமிஷம் மூச்சைச் சமாளிக்க வேண்டும். அதன்பின் சுமார் 10 நிமிஷம் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரமாவது ஆகும். அந்த நேரமெல்லாம் தலை தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டுமே! அதற்குத்தான் சட்டை. என் பயத்துக்கு அன்றுதான் ஒரு கைப்பிடி கிடைத்தது.

நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். முழுக்கால் சட்டை, முழுக்கை மேல்சட்டையோடு, பதினெட்டு வயதுப் பெண் எனக்கு வாத்தியார். விளிம்பை விட்டுக் கையை எடுக்கவே ஒரு மாதம் பிடித்தது. போகட்டும், 2013 ஆகஸ்டில் மறுபடி போனோம். ஜூலைக்கு முன் கிடையாது, கரையோரமாகவே போவது, காற்று வந்தால் முட்டி போட்டு உட்காருவது, சட்டையின் கொக்கி மாட்டாமல் கேனோவில் கால் வைக்கக் கூடாது. இதெல்லாம் நான் போட்ட சட்டம். மாற்றுத் துணி ஒரு ஜோடி நீர் புகாத பையில்.

அதற்கப்புறம் எத்தனையோ கோடைகள். லூன் பறவை ராத்திரி கூவுவதை முதலில் கேட்டபோது யாரோ பெண் அழுகிறாள் என்று எழுந்து உட்கார்ந்தேன். இந்த ஊர் ஒரு டாலர் நாணயத்தில் இருக்கிறதே, அதே பறவைதான். இப்போது அது கூவினால்தான் தூக்கம் வருகிறது.

அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. மூட்டை தூக்கி நடக்க முடியாது. வறுத்த மா மட்டும் கொடுத்தனுப்புகிறார். 2025 ஆகஸ்டில் என் மகள், வயது இருபது, மூன்று தோழிகளோடு தனியாகக் கிளம்பினாள். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் புளிக்காய்ச்சல் டப்பாவை நீட்டினேன். புடவையை அவளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இவர் வாசலிலேயே நாலு பெண்களையும் சட்டை போடச் சொல்லி, ஒவ்வொரு கொக்கியையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். "அப்பா, இன்னும் தண்ணியே வரல!" என்று அவள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை அங்கிருந்து போன் வராது.