'பாஸ்டர்' என்றால் ஆடு மேய்ப்பவர்! பால் பாக்கெட் வரை வந்த அரிய பிரெஞ்சு குடும்பப் பெயர்... பின்னணி என்ன?

பால் பாக்கெட்டில் 'பாஸ்டுரைஸ்டு' என்ற வார்த்தையைப் பார்த்திருப்பீர்கள். விஞ்ஞானி லூயி பாஸ்டர் பெயரில் இருந்து வந்த வார்த்தை அது. இவ்வளவு தூரம் நமக்குத் தெரியும். ஆனா அந்த 'பாஸ்டர்' என்பது ஒரு தொழிலின் பெயர் என்பதும், அவர் பிறந்த பிரான்ஸிலேயே அது அரிதான குடும்பப் பெயர் என்பதும் பலருக்குத் தெரியாது. ஒரு தொழில் எப்படி குடும்பப் பெயர் ஆனது? பிறகு அது ஏன் அரிதானது? பார்க்கலாம்.

குடும்பப் பெயர் எப்படி வந்தது?

ஆரம்பத்தில் பிரான்ஸில் ஒருவருக்கு ஞானஸ்நானத்தில் வைக்கும் பெயர் மட்டும்தான் இருந்தது. 11, 12-ம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை கூடியது. ஒரே ஊரில் நாலைந்து ழான், நாலைந்து பியேர் என்று ஆகிவிட்டது. யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாத குழப்பம். அதனால் அடையாளத்துக்கு ஒரு சொல்லை ஒட்டினார்கள். அப்பா பெயர், ஊர், உடல் தோற்றம், செய்யும் தொழில் என எது வசதியோ அது.

தொழிலில் இருந்து வந்தவை ஏராளம். 'புலாஞ்சே' என்றால் ரொட்டி சுடுபவர். 'பூஷே' என்றால் கறிக்கடைக்காரர். 'மூனியே' என்றால் மாவு ஆலைக்காரர். 'லெஃபெவ்ர்' என்றால் கொல்லர். இதே கொல்லர்தான் தெற்குப் பகுதியில் 'ஃபாப்ர்', 'ஃபோர்' என்று மாறுகிறார்.

1539-ல் மன்னர் முதலாம் பிரான்சுவா, ஞானஸ்நானங்களைத் தேவாலயங்கள் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். 1794-ல் புரட்சி அரசு ஒரு சட்டம் போட்டது. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே அது. அதோடு கதை முடிந்தது. தொழில் மாறினாலும் பெயர் மாறாது.

சரி, 'பாஸ்டர்' என்றால் என்ன?

பிரெஞ்சு உச்சரிப்பில் இது 'பாஸ்தேர்'. லத்தீனில் 'பாஸ்டர்' என்றால் மேய்ப்பவர், அதாவது ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் மேய்ப்பவர்.

நம்ம ஊர் சர்ச்சில் 'பாஸ்டர்' என்கிறோமே, அதற்கும் இதே லத்தீன் சொல்தான் மூலம். சபையை மந்தையாகவும் குருவை மேய்ப்பராகவும் பார்க்கும் வழக்கத்தில் வந்தது அது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பிஷப்பை 'ஆயர்' என்று சொல்வதும் இதே பொருளில்தான்.

இந்த ஒரு லத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சில் இரண்டு சொற்கள் பிறந்தன. ஒன்று 'பாத்ர்', இன்னொன்று 'பாஸ்தேர்'. இரண்டும் மேய்ப்பவரைத்தான் குறித்தன. இத்தாலியில் 'பஸ்தோரே', ஸ்பெயினில் 'பஸ்தோர்' என்று இதன் உறவுக்காரப் பெயர்கள் இன்றும் உண்டு.

பிறகு ஏன் அரிதானது?

பிரான்ஸில் ஆடு மேய்த்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஊர் வாயில் புழங்கிய சொல் வேறு. செம்மறி ஆட்டைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லில் இருந்து வந்த 'பெர்ஜே' என்பதுதான் சாதாரண மக்கள் சொன்ன பெயர். அதனால் 'பெர்ஜே' என்ற குடும்பப் பெயர் நாடு முழுக்கப் பரவியது. மாடு மேய்த்தவர் 'வாஷே', பன்றி மேய்த்தவர் 'போர்ஷே', வெள்ளாடு வளர்த்தவர் 'ஷெவ்ரியே' என்று தனித்தனிப் பெயர்களும் இருந்தன.

இத்தனை பெயர்களுக்கு நடுவில் 'பாஸ்தேர்' சில குடும்பங்களோடு நின்றுவிட்டது. காலப்போக்கில் அந்தச் சொல்லே புராட்டஸ்டன்ட் போதகரைக் குறிக்கும் சொல்லாக மாறியும் போனது.

லூயி பாஸ்டர் குடும்பம் ஆடு மேய்த்ததா?

இங்கேதான் சுவாரஸ்யம். தொழில் பெயர் சொல்வது என்றோ வாழ்ந்த ஒரு மூதாதையரின் தொழிலை மட்டும்தான்.

பாஸ்டர் குடும்பம் கிழக்கு பிரான்ஸில் உள்ள ஜூரா மலைப் பகுதியைச் சேர்ந்தது. லூயியின் கொள்ளுத்தாத்தா கிளோத்-எத்தியேன் ஒரு பண்ணையடிமை. 1763-ல் நிலப்பிரபுவுக்கு 4 தங்கக் காசுகள் கொடுத்துத்தான் விடுதலை பெற்றார். அவர் செய்தது தோல் பதனிடும் தொழில். தாத்தாவும் அதே தொழில்தான். நெப்போலியன் படையில் போர் வீரராக இருந்து திரும்பிய அப்பாவும் அதே தொழிலுக்குத்தான் வந்தார். 1822-ல் தோல் ஊரிய ஒரு வீட்டில், டோல் என்ற ஊரில் லூயி பிறந்தபோது 'மேய்ப்பர்' என்பது வெறும் பெயர் மட்டுமே.

பெயர் உலகம் சுற்றியது எப்படி?

1860-களில் ஒயின் கெட்டுப்போவதை ஆராய்ந்தார் லூயி பாஸ்டர். மிதமான சூட்டில் சிறிது நேரம் வைத்தால் கிருமிகள் அழியும் என்று காட்டினார். இந்த முறையைப் பிறகு மற்றவர்கள் பாலுக்கும் கொண்டுவந்தார்கள். 'பாஸ்டுரைசேஷன்' என்ற சொல் நிலைத்தது.

1881-ல் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியைச் சோதிக்க அவர் தேர்ந்தெடுத்தது செம்மறி ஆடுகளை. பாதி ஆடுகளுக்கு ஊசி, மீதிக்கு இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-ம் தேதி கூட்டம் வந்து பார்த்தபோது ஊசி போட்டவை உயிரோடு நின்றன. போடாதவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன.

1885 ஜூலையில் ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயது சிறுவனுக்கு வெறிநாய்க்கடி தடுப்பூசி போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் வந்தவன் ழான்-பாப்திஸ்ட் ஜூபில். ஜூரா பகுதியைச் சேர்ந்த 15 வயது சிறுவன். சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்ற வெறிநாயோடு கட்டிப்புரண்டு கடி வாங்கியவன். அவன் தொழில் என்ன தெரியுமா? ஆடு மேய்ப்பது! அவன் நாயோடு போராடும் சிலை பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இன்றும் நிற்கிறது.

அந்த நிறுவனம் 1888-ல் திறக்கப்பட்டது. நம்ம நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-ல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனமும் இவர் பெயரில்தான் இயங்குகிறது. பிரான்ஸில் தெருக்களுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர்களிலும் பாஸ்டர் ஒன்று.

வீட்டில் மட்டும் பெயர் நின்றுபோனது

இத்தனை புகழ் இருந்தும் அவர் வம்சத்தில் இந்தப் பெயர் தொடரவில்லை. ஐந்து பிள்ளைகளில் மூன்று மகள்கள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். மகன் ழான்-பாப்திஸ்டுக்கு வாரிசு இல்லை. மகள் மரி-லூயிஸ் வழிப் பேரனுக்குச் சட்டப்படி அப்பாவின் பெயரான 'வல்லேரி-ராடோ'தான் வந்தது. மருத்துவரான அந்தப் பேரன், தாத்தா பெயரையும் சேர்த்து 'பாஸ்டர் வல்லேரி-ராடோ' என்று எழுதிக்கொண்டார்.

அப்பா பெயர் மட்டுமே பிள்ளைக்குப் போகும் என்றால், மகன் இல்லாத வீட்டோடு பெயர் முடிந்துவிடும். 'பெர்ஜே' போன்ற பெயருக்கு இது பெரிய இழப்பு இல்லை, ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. அரிய பெயருக்கோ ஒவ்வொரு வீடும் முக்கியம். ஒரு ஆணுக்குச் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இல்லை என்றால், காலப்போக்கில் அந்தக் குடும்பப் பெயர் அழிந்தே தீரும். இதை 1845-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் பிரெஞ்சு அறிஞர் பியனேமே.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

2005 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் பிறக்கும் குழந்தைக்கு அப்பா பெயர், அம்மா பெயர் அல்லது இரண்டையும் சேர்த்து வைக்கலாம். 2022 ஜூலை 1 முதல் 18 வயது நிரம்பியவர், வாழ்நாளில் ஒருமுறை, நகராட்சியில் எழுதிக் கொடுத்தே அம்மாவின் குடும்பப் பெயருக்கு மாறிக்கொள்ளலாம்.

அதாவது அம்மா, பாட்டி வழியாகவும் ஒரு பெயர் இனி உயிரோடு இருக்கும். லூயி பாஸ்டரின் மகள் காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால், பேரன் அந்தப் பெயரைத் தானாக ஒட்டிக்கொள்ள வேண்டிய அவசியமே வந்திருக்காது!