பிள்ளை மடுவத்தைத் தாண்டிப் போகிறவள்

தேயிலைத் தோட்டத்தில், காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம். தோளில் தூங்கும் பிள்ளையை அங்கே இறக்கிவிட்டுத்தான் பெண்கள் கூடையை மாட்டுவார்கள். கல்யாணமாகி நாலு வருஷமாகியும் "ஒரு புழு பூச்சி இல்லை" என்று ஏச்சு வாங்குகிறவள் மட்டும் தலை குனிந்தபடி தாண்டிப் போவாள். நேர்த்தி, தாயத்து எல்லாம் முடிந்திருக்கும். ரத்தப் பரிசோதனைதான் நடந்திருக்காது.

நோயை விரட்டவேண்டிய எதிர்ப்புச் சக்தி சிலரிடம் சொந்த உடம்பையே தாக்கும். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அதில் அடிக்கடி மாட்டுவது. சுரப்பி மந்தமானால் மாதவிடாய் குழம்பும், கரு தங்குவதும் கஷ்டம். இலங்கையில் 1995இல் அயடீன் உப்பு கட்டாயமானது. பிறகு பாடசாலை மாணவிகளிடம் நடந்த ஆய்வில், தைரொயிட்டுக்கு எதிரான புரதங்கள் கணிசமானோரிடம் தெரிந்தன. (அதற்காக உப்பை மாற்றிவிடாதீர்கள், கழுத்துக் கழலை திரும்பி வரும்.) டீஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையில் சுரப்பி மந்தம் என்று தெரிந்தால் தைரொக்சின் மாத்திரை தருவார்கள். விடியற்காலைத் தேத்தண்ணிக்கு அரை மணி நேரம் முன்பே, வெறும் தண்ணீரில் விழுங்கவேண்டும்.

கரு உண்டாகி உண்டாகிக் கலைகிறதா? ரத்தத்தை உறையவைக்கும் ஆன்டிபொஸ்போலிப்பிட் புரதங்கள் இருக்கலாம். குறைந்தது 12 வாரம் இடைவிட்டு இரண்டு தடவை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். அஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் வைத்தியர் சொன்னபடி எடுத்துப் பிள்ளை பெற்றவர்கள் பலர்.

குரோமோசோம்களின் கதை வேறு. ஏறத்தாழ 2,000 பெண் பிள்ளைகளில் ஒருத்திக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைந்திருக்கும். இது டர்னர் நிலை. மாத்திரையால் அதை மாற்ற முடியாது. ஆனால் 15 வயதாகியும் மகள் பெரியபிள்ளையாகாவிட்டால் உடனே காட்டுங்கள். ஹோர்மோன் சிகிச்சை எலும்பையாவது காக்கும். 40க்கு முன்பே மாதவிடாய் நின்றாலும் காட்டவேண்டும்.

பிள்ளையில்லை என்று ஒருத்தியை விலக்கிவிடலாமா? இனிச் சட்டம். நம் விவாகப் பதிவுச் சட்டப்படி விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிடுதல், கல்யாணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு போன்ற உடலுறவு இயலாமை. பிள்ளையில்லாமை அதில் இல்லை. அடித்தாலோ வதைத்தாலோ 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை தரலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால், 35 வயதைத் தாண்டியவர் ஆறே மாதத்தில், லயத்துக்கு வரும் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். டிக்கோயா, நுவரெலியா அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியரைப் பார்க்கக் காசு வேண்டாம். ஒரு நாள் பேரும் கூலியும் போகும்தான். புருஷனையும் கூட்டிப்போங்கள், அவருடைய விந்துப் பரிசோதனையும் அன்றைக்கே தொடங்கட்டும்.