யாருக்கு நண்பர்?

டீக்கடையில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணே, ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்னு ஒண்ணு இருந்துச்சே, அது போலீஸா, பொதுஜனமா?" இன்னொரு டீ சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அது ராமநாதபுரத்தில் பிறந்தது. 1993-இல் அங்கே எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கினார். அந்த மாவட்டத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். நீளக் கடற்கரை, அக்கரையில் இலங்கை, அங்கே போர். இந்தப் பக்கம் சாதிப் பகை. ராத்திரி எந்தப் படகு கரை ஒதுங்கியது என்பது ஏட்டையாவுக்கு முன்னால் மீன்காரம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த அம்மா ஸ்டேஷன் படி ஏறாது. ஏறினால் சாட்சி, கோர்ட்டு, அலைச்சல், போதாததற்கு ஊர்ப் பேச்சு. அந்தப் படியின் உயரத்தைத்தான் பிலிப் குறைக்கப் பார்த்தார்.

ஊர்க்காரர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்தார். சம்பளம் கிடையாது. ராத்திரி ரோந்துக்குக் கூடப் போவது, திருவிழாக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, கண்ணில் பட்டதை வந்து சொல்வது, இவ்வளவுதான் வேலை. யாரையும் கைது செய்யும் அதிகாரம் இல்லை. திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது.

நல்ல யோசனைதான், சந்தேகமில்லை. ஆனால் தினமும் அதை நடத்துவது எஸ்.பி. அல்ல, ஸ்டேஷன். தெரு முனையில் விசிலும் அடையாள அட்டையுமாக நிற்கும் பையனை யோசி. முதல் மாதம் வண்டிகளை ஒதுக்கிவிடுவான். ஆறாம் மாதம் "லைசென்ஸ் எங்கே?" என்பான். ஏட்டையா அதட்டினால் அடங்குவான்; சிரித்தால் அவ்வளவுதான். பெயரைப் பார்த்தாயா? போலீஸுக்கு நண்பர்கள். ஊருக்கு நண்பர்கள் என்று யாரும் வைக்கவில்லை. எனக்கு அந்தப் பெயரே உறுத்தும்.

2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் காவலில் இறந்தார்கள். அங்கே ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் ஆட்களும் இருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. ஜூலையில் அரசு அதற்குத் தடை போட்டது.

"அந்த எஸ்.பி. என்ன ஆனார்?"

டி.ஜி.பி. வரைக்கும் போனார். அவர் கதையில் முன்னாலேயே ஒரு நாள் உண்டு: 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கூட்டத்தில் பந்தோபஸ்துக்கு நின்றவர், குண்டுவெடிப்பில் படுகாயமடைந்தார். கீழே விழுந்த தொப்பியும் பெயர்ப் பட்டையும் வழக்கின் சான்றுப் பொருளாகிக் கோர்ட்டுக்குப் போய்விட்டன. 2021 செப்டம்பரில் ஓய்வுபெறும் நாளில் போட்டுக்கொள்ள அவற்றைக் கேட்டு மனுப் போட்டார். திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட்டு கொடுத்தது. முப்பது வருஷத்து ரத்தக் கறையோடு அந்தத் தொப்பியை அணிந்துகொண்டு விடைபெற்றார். அவர் தொடங்கிய அமைப்பு அப்போது தடையில் இருந்தது.