பெயர் சொல்லாத சட்டமும் நம் வாக்குரிமையும்

ஓர் இனத்தாரின் ஓட்டைப் பறிக்க அந்த இனத்தின் பெயரைச் சட்டத்தில் எழுத வேண்டியதில்லை. இலங்கை அதைச் செய்து காட்டியது.

1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர் என்று காட்டு. இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவது? 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு என்றார்கள். காரியம் முடிந்தது. 'தமிழர்' என்ற சொல் எங்குமே இல்லை!

கோடாக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எந்தச் சமூகத்துக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொன்னதே என்று வாதாடினார்கள். யார் குடிமகன் என்று தீர்மானிப்பது நாட்டின் உரிமை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. நாடற்றவராய் எஞ்சியவர்களுக்கு வழிவிட 2003 வரை புதிய சட்டங்கள் தேவைப்பட்டன.

நம் நாட்டில் அப்படியொரு பறிப்பு நடக்கவில்லை. அதற்காக நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. இங்கும் ஓட்டுக்கு முதல் வாசல் நீல அடையாள அட்டைதான். சிவப்பு அட்டைக்காரருக்கு ஓட்டில்லை. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, திருமணத்தைப் பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தது. தாய்க்குக் குடியுரிமையும் நிரந்தரவாசத் தகுதியும் இல்லையென்றால், தகப்பனின் நீல அட்டை அந்தப் பிள்ளைக்கு உதவாது. பத்திரிகை போட்டுப் பந்தல் போடும் நாம் பதிவிலாகா படியை மட்டும் ஏன் மறக்கிறோம்?

அட்டை இருந்தாலும் எல்லார் ஓட்டுக்கும் ஒரே எடையில்லை. 1957இல் தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காடு வரைதான் விலகலாம். 1962இல் கிராமப்புறத் தொகுதி, நகரத் தொகுதியில் பாதியளவு இருந்தாலும் போதும் என்றானது. 1973இல் அந்த வரம்பும் போயிற்று. 2022 பொதுத்தேர்தலில் பாங்கியில் 3 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள்; சரவாக்கின் ஈகானில் சுமார் 28 ஆயிரம். தம்போய் பக்கமுள்ள பூலாயில் 2023 இடைத்தேர்தலின்போது 1 லட்சத்து 66 ஆயிரம். தோட்டம் விட்டுத் தம்போய், ஸ்கூடாய் என்று குடியேறிய நம் குடும்பங்களின் ஓட்டு, எடை குறைந்த பக்கத்தில்தான் விழுகிறது.

வழக்குப் போட்டால் பலனில்லை என்பாருக்கு ஒன்று. 18 வயதில் ஓட்டு என்ற திருத்தம் 2019 ஜூலையில் 211 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியும் இழுத்தடிக்கப்பட்டது. இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பரில் கூச்சிங் உயர்நீதிமன்றம் ஆண்டு இறுதிக்குள் அமலாக்கு என்றது. 2022 மார்ச் 12, ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள்.

இப்போது பதிவு தானாகவே நடக்கிறது. ஆனால் மைகாட்டில் உள்ள முகவரிப்படி. பழைய தோட்டத்து முகவரி இன்னும் இருந்தால் ஓட்டும் அங்கேதான் இருக்கும். ஏற்கெனவே வாக்காளராக இருப்பவர் மைகாட்டை மாற்றிய பிறகு, தொகுதி மாற்றத்துக்குத் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.