இணைய முகவரிக் கவர்வும் தண்டனையும்

தில்லி கோல் மார்க்கெட்டிலுள்ள ஒரு வீட்டிற்குத் தபால் சேர முகவரி வேண்டும். கணினி வலையமைப்புகளுக்கும் அவ்வாறே எண் முகவரிகள் உண்டு. இந்தியாவில் அவற்றை ஐரின் என்னும் தேசியப் பதிவகம் பங்கிட்டளிக்கிறது. தன்வழியே அடையத்தக்க முகவரிகள் இவை என ஒவ்வொரு வலையமைப்பும் அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது. அவையும் அதனை நம்பிச் செய்திகளை அனுப்புகின்றன. பிறர் முகவரியைத் தனதென அறிவித்துச் செய்திகளைத் திசைதிருப்புவதே முகவரிக் கவர்வு.

ஆயினும் அத்தகைய அறிவிப்பு யாவும் வஞ்சகமன்று. 2021 ஏப்ரல் 16-ஆம் நாள் வோடபோன் ஐடியாவின் வலையமைப்பு, பிறருக்குரிய 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தவறுதலாக அறிவித்தது.

தவறிழைத்தோரின் எண்களைப் பதிவகம் பறிக்கலாமா? கவர்வை விதிமீறலாக்கும் திட்டம் 2019-இல் ஐரோப்பியப் பதிவகத்தில் முன்மொழியப்பட்டுப் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. பிழையையும் வஞ்சகத்தையும் அறிவிப்பைக் கொண்டு மட்டும் பிரித்தறிதல் அரிது. எண்களைப் பறித்தால் குற்றமற்ற சந்தாதாரரும் தொடர்பிழப்பர்.

எந்த வலையமைப்பு தன் முகவரியை அறிவிக்கலாம் என்பதற்கு உரிமையாளர் மின்கையொப்பச் சான்று அளிக்கலாம். அதற்கு முரணான அறிவிப்பைப் பிறர் ஏற்க மறுத்தால் பிழைகள் பெரும்பாலும் பரவா. எனினும், அறிவிப்பின் தோற்றத்தையே பொய்யாகப் புனைபவரை இச்சான்று முற்றும் தடுக்காது. பிழைக்குச் சான்றே மருந்து. மெய்ப்பிக்கப்பட்ட வஞ்சகத்திற்கே தண்டனை பொருந்தும்.